கறள் பிடித்த மொறிஸ் மைனர் பிக்கப்: அறிகுறி பார்த்துப் பழுது பிடித்தல்

எங்கள் வீட்டுக் கொட்டிலுக்குள் இதுவரை மூன்று மொறிஸ் மைனர் பிக்கப் வந்திருக்கின்றன. இரண்டு திருந்தி ஓட்டத்துக்குப் போய்விட்டன, ஒன்று இன்னும் கட்டையில் நிற்கிறது. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பழுதுகள். மூன்றிலும் முதலில் எஞ்சினைத்தான் சந்தேகித்தேன். கடைசியில் கைக்கு வந்தது கறள். பற்றறி வயர் பொடியை, அதாவது வண்டியின் உடல் தகரத்தை, தொடும் இடத்தில் கறள், பெற்றோல் தாங்கிக்குள் கறள், பிரேக் சிலிண்டருக்குள் கறள். யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் அறுபது வருடம் நின்ற இரும்பு வேறு என்ன செய்யும்?

மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் காரின் வானும் பிக்கப்பும் 1953இல் வந்தன. முதலில் 803 சிசி எஞ்சின், 1956இலிருந்து 948, 1962இலிருந்து 1098. மைனர் காருக்குத் தனிச் சசி, அதாவது வண்டியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டம், கிடையாது, பிக்கப்புக்கு உண்டு. அதனால் கார் பார்த்துப் பழகியவர் சொல்லும் ஆலோசனை பிக்கப்பின் பின்பாதிக்குப் பொருந்தாது. முன்பாதி, அதாவது எஞ்சின், ஸ்ரியரிங், பிரேக் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

கீழே ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், பெரிய செலவு கடைசியில்.

## வாங்கப் போன இடத்தில்

கொண்டுபோக வேண்டியவை: பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று, ஸ்குரூடிரைவர், டோர்ச், நிலத்தில் போட்டுப் படுக்க ஒரு சாக்கு. சாக்கைக் கண்டதும் முகம் மாறுகிற விற்பனையாளரிடம் விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

### பெயின்ற் கண்ணாடிபோல் மின்னுகிறது

விற்பதற்கென்றே அடித்த பெயின்ற் இது. கறள் தெரியும் வண்டியை நான் கூடுதலாக நம்புவேன். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி இந்த இடங்களில் வையுங்கள்: மட்காட்டின் பின் விளிம்பு, கதவுத் தூணின் அடி, கதவின் கீழ் விளிம்பு, பொனற்றுக்குள் பற்றறித் தட்டின் அடி.

- ஒட்டுகிறது: விரலால் தட்டுங்கள். கணீரென்றால் தகரம் இருக்கிறது. சத்தம் மந்தமாக இருந்தால் உள்ளே மண் தங்கியிருக்கிறது, இன்னும் ஓட்டை விழவில்லை.
- இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டவில்லை: பள்ளத்தை மறைக்கப் பட்டி (பெயின்ற்றுக்கு முதல் பூசும் பசை) பூசியிருக்கிறார்கள். இந்த வயதில் சகஜம்.
- உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டவில்லை: அங்கே தகரமே இல்லை. வெட்டி ஒட்டும் கூலியை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

என் இரண்டாவது பிக்கப்பில் இந்தச் சோதனையைச் செய்யாமல் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மட்காட்டின் பின் விளிம்பைத் தட்டினேன். பட்டி விசுக்கோத்துத் துண்டுபோல் கையோடு வந்தது. அதற்குப் பின்னால் ஃபைபர், அதற்குப் பின்னால் கசக்கி அடைத்த பத்திரிகைத் தாள். ஈரத்தில் ஊறியிருந்தாலும் ஒரு மரண அறிவித்தலைப் பாதி வாசிக்கக்கூடியதாக இருந்தது. அந்த மட்காட்டுக்கு அது பொருத்தம்தான்.

### கதவைத் திறந்தால் கீழே இறங்குகிறது

கதவைப் பாதி திறந்து, அதன் நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். மற்றவர் ஒருவர் பிணைச்சலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

- பிணைச்சலின் ஊசி மட்டும் ஆடுகிறது: லேத்தில் புது ஊசி கடைந்து போடலாம். அற்ப செலவு.
- பிணைச்சல் இறுக்கம், தூணே அசைகிறது: தூணின் அடி உக்கிவிட்டது. வெல்டிங் வேலை.
- கதவின் இடைவெளி மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருக்கிறது, இரண்டு பக்கமும் அப்படியே: கபின் தொய்ந்திருக்கிறது, அல்லது சசி வளைந்திருக்கிறது. சசி வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

### பின்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

ரயர்க் காற்றை முதலில் பாருங்கள், சிரிக்க வேண்டாம், நான் ஒருமுறை பார்க்காமல் அரை மணித்தியாலம் அடியில் கிடந்தேன். அடுத்தது பட்டை ஸ்பிரிங்கில் உடைந்த பட்டை. இரண்டும் சரியென்றால் சாக்கை விரித்துக் கீழே போங்கள். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும், பின் அச்சுக்கு மேலால் சசி வளைந்து போகும் இடத்தையும் ஸ்குரூடிரைவரால் குத்துங்கள். மெதுவாக அல்ல, கையால் ஊன்றிக் குத்துங்கள்.

எனது முதல் பிக்கப் குருநகர்ப் பக்கம் மீன் ஏற்றி ஓடியது. பின் அச்சுக்கு மேலே குத்தியபோது ஸ்குரூடிரைவர் பிடிவரை உள்ளே போனது. இழுத்தால் ஈர மணல் கொட்டியது, மணலோடு காய்ந்த மீன் செதில்கள், டோர்ச் வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டு. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்காகப் பெட்டியிலிருந்து வடிந்து சசிக்குள் தங்கியிருக்கிறது. என்ன ஏற்றி ஓடிய வண்டி என்று கட்டாயம் கேளுங்கள். நெல், தேங்காய் என்றால் நிம்மதி. மீன், உப்பு என்றால் பின்பாதியை உக்கியதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

- ஒரு பக்கம், ஒரு இடத்தில் மட்டும் ஓட்டை: திருத்தலாம்.
- ஸ்பிரிங் மாட்டும் இடம் இரண்டு பக்கமும் போய்விட்டது: சசியைக் கழற்றி வேலை செய்யும் வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.
- சசி இலக்கம் வாசிக்க முடியவில்லை, அல்லது பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை: சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

கடைசிச் சங்கதிக்கு ஒரு வார்த்தை கூட. எங்கள் பக்கத்தில் வண்டி இங்கே, பதிவு உரிமையாளர் கனடாவில் அல்லது லண்டனில். யுத்த இடப்பெயர்வில் புத்தகம் தொலைந்த வண்டிகளும் உண்டு. ஈ.எல்., ஈ.என்., ஸ்ரீ என்று பழைய இலக்கத் தகடு அழகாகத் தொங்கும், கையில் இருப்பது கையெழுத்து மட்டும் வைத்த ஓப்பன் பேப்பராக இருக்கும். 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழையவற்றின் விலையும் ஏறியதால் இப்படியானவையும் கைமாறின. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்து உரிமையாளர் விபரம் எடுத்துப் பார்த்த பிறகே காசைப் பற்றி யோசியுங்கள். கறளை வெட்டி எறியலாம், பத்திரச் சிக்கலை அப்படி முடியாது.

## ஸ்ராட்டர் சுற்றவில்லை

பெரிய விளக்கைப் போட்டுக்கொண்டு ஸ்ராட்டரை இயக்குங்கள். பழையவற்றில் அது டாஷில் உள்ள இழுப்புக் குமிழ், பிந்தியவற்றில் சாவி.

### விளக்கு ஏற்கெனவே மங்கல், அல்லது அணைந்தே போகிறது

பற்றறியில் மின் இல்லை, அல்லது வரும் வழியில் தடை. பற்றறித் தலைகளைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுங்கள். பிறகு பொடியில் பூட்டியிருக்கும் தடித்த வயரைப் பாருங்கள். இந்த வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றறியின் நேர் முனைதான் பொடியில் பூட்டப்பட்டது. இப்போதைய வாகனங்களுக்கு நேர்மாறு. யாராவது இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்காமல் பற்றறியைப் பூட்ட வேண்டாம். பழைய டைனமோ போய் ஓல்ற்றனேற்றர் பூட்டிய வண்டியென்றால் முனை மாறிய கணமே அது எரிந்துவிடும்.

### விளக்கு பிரகாசமாகவே இருக்கிறது, ஸ்ராட்டர் அசையவில்லை

எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் பின்னல் வயர் உக்கியிருக்கும், அல்லது அது தொடும் இடம் கறளாக இருக்கும். பரீட்சிப்பது லேசு: ஜம்பர் கேபிள் ஒன்றால் எஞ்சின் கட்டியையும், பொடியில் பூட்டிய பற்றறி முனையையும் இணைத்துப் பாருங்கள். சுற்றினால் நோய் அதுதான். தொடும் இடத்தை வெள்ளை இரும்பு தெரியும்வரை உரஞ்சி, பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். கேபிள் போட்டும் அசையவில்லையென்றால் ஸ்ராட்டர் சுவிச்சின் செப்பு முனைகள் எரிந்திருக்கும். மங்கலான விளக்கு, கீச்சிடும் ஹோர்ன், துடைப்பான் நின்று நின்று ஓடுவது எல்லாவற்றுக்கும் இந்த மாதிரி ஒரு தொடுகைதான் காரணம். மூன்று வண்டியிலும் புது வயர்க்கட்டு போட வேண்டும் என்று யாராவது சொன்னார்கள், ஒன்றுக்கும் போடவில்லை.

### "டக்" என்று ஒரு சத்தம், பிறகு மௌனம்

ஸ்ராட்டரின் பல்லு பறக்கும் சில்லில் சிக்கிவிட்டது. ஸ்ராட்டரை விட்டுவிட்டு, நாலாம் கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். விடுபடாவிட்டால் ஸ்ராட்டரின் தண்டு முனை சதுரமாக இருக்கும், அதை ஸ்பனரால் திருப்புங்கள். மாதத்துக்கு இரண்டு தரம் இப்படியென்றால் பல்லு தேய்ந்திருக்கிறது. எஞ்சின் கழற்றும் நாளில் பறக்கும் சில்லின் பல்வளையத்தையும் மாற்ற வேண்டும்.

## ஸ்ராட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியைத் திருப்பிவிட்டுக் காது கொடுங்கள். பொனற்றுக்குள் சுவரில் இருக்கும் எஸ்.யூ. மார்க் பெற்றோல் பம் "டிக் டிக் டிக்" என்று வேகமாகத் தொடங்கி, மெதுவாகி, நிற்க வேண்டும்.

### டிக் சத்தமே இல்லை

ஸ்குரூடிரைவரின் பிடியால் பம்மில் ஒரு தட்டு. அடிக்கத் தொடங்கினால் உள்ளே தொடுமுனைகள் கரிந்திருக்கின்றன. கறுப்பு மூடியைக் கழற்றி, நைஸ் எமரித் தாளால் மெதுவாக உரஞ்சினால் கொஞ்சக் காலம் ஓடும். பிறகு புது முனைகள் வாங்க வேண்டும். தட்டியும் அசையவில்லையென்றால் பம்மின் பொடி வயரைப் பாருங்கள். மறுபடி கறள்.

### டிக் சத்தம் நிற்காமல் போகிறது

முதலில் தாங்கிக்குள் பெற்றோல் உண்டா என்று குச்சி விட்டுப் பாருங்கள், மீற்றரை நம்ப வேண்டாம். பெற்றோல் இருந்தால், தாங்கிக்கும் பம்முக்கும் இடையிலுள்ள குழாயில் எங்கோ ஊசித்துளை. இந்தப் பக்கம் பம் உறிஞ்சுகிற பக்கம். அதனால் பெற்றோல் வெளியே ஒழுகாமல் காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் ஈரத்தைத் தேடினால் கிடைக்காது. குழாயைச் சசியோடு பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றிப் பாருங்கள், கறள் கிளிப்பின் அடியிலேயே தின்னும். குழாய் முழுவதையும் மாற்றுங்கள், ஒட்டுப்போட வேண்டாம்.

### பம் சரியாக நிற்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை

பெற்றோல் வந்துவிட்டது, இனி நெருப்பு. பிளக் இடைவெளி 0.025 அங்குலம், டிஸ்ரிபியூற்றர் முனை 0.015 அங்குலம், எரியும் வரிசை 1, 3, 4, 2. மாரியில் காலை நேரம் மட்டும் இப்படியென்றால் டிஸ்ரிபியூற்றர் மூடியைத் துடைத்துக் காயவையுங்கள், மூடிக்குள் மயிரிழை வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

## இரண்டு மைல் ஓடி நின்றுவிடுகிறது, பத்து நிமிடம் கழித்துத் தானாகப் பிடிக்கிறது

என் கொட்டிலில் அடிக்கடி வந்த நோய் இது. காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தின் மூடியைத் திறவுங்கள். அடியில் கோப்பித்தூள்போல் கபில நிறத்தில் மண் இருந்தால் தாங்கி உள்ளே உரிந்துகொண்டிருக்கிறது. ஓடும்போது கறள்தூள் வடியை (ஃபில்ரரை) அடைக்கும், நின்றதும் கீழே இறங்கும், மறுபடி ஓடும். மண் இல்லாமல் கிண்ணம் சுத்தமாக இருந்தால் பிளக்குக்கு மின் கொடுக்கும் கொயிலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் இன்னொரு கொயிலைப் பூட்டி ஓடிப் பார்க்கலாம்.

மண் என்றால் இந்த ஒழுங்கில் போங்கள்.

கிண்ணத்தைக் கழுவி, பம்மின் அடியிலுள்ள பெரிய போல்ற்றைக் கழற்றி அதற்குள் இருக்கும் கம்பி வடியையும் கழுவுங்கள். தாங்கிக்கும் பம்முக்கும் இடையில் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் கண்ணாடி வடி ஒன்றைப் பூட்டுங்கள். ஒரு கிழமை ஓடுங்கள். வடி தெளிவாக இருந்தால் பழைய தூள் வந்து முடிந்தது.

ஒரு கிழமைக்குள் வடி கபிலமாகிவிட்டால் தாங்கியை இறக்கத்தான் வேண்டும். பெற்றோலை வடித்து, மீற்றர் மிதவையைக் கழற்றி, உள்ளே ஒரு முழம் மெல்லிய சங்கிலியும் கொஞ்சம் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டு, வாயை அடைத்து, தாங்கியைப் பழைய ரயர் ஒன்றின் மேல் வைத்து உருட்டுங்கள். கை நோகும். பக்கத்து வீட்டுப் பொடியனைப் பிடித்தால் நல்லது. சங்கிலியை எடுத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பிறகு கறள் நீக்கும் பொஸ்பரிக் அமிலத்தைக் கடைக்காரர் சொன்ன அளவில் கலந்து ஊற்றி, கறள் கரையும்வரை வைத்து, திரும்ப அலசி, வெய்யிலில் வாய் திறந்து காயவையுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் பெற்றோல் ஊற்றிச் சுழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நாளே செம்மை படரும்.

கழுவியபின் ஊசித்துளை தெரிந்தால் உங்கள் வேலை அத்துடன் முடிந்தது. வெறுமையான தாங்கிக்குள் நிற்பது பெற்றோல் ஆவி, நிறைந்த தாங்கியைவிட அது ஆபத்து. தாங்கி ஒட்டுவதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். வீட்டில் வெல்டிங் மெசின் இருக்கிறது என்பதற்காகத் தொட வேண்டாம்.

## எஞ்சின் சூடாகிறது

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் காய்ச்சினால் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை ஐம்பது வருடம் ரேடியேற்றருக்குள் ஊற்றியிருக்கிறார்கள்.

### மெதுவாக ஓடும்போது அல்லது சந்தியில் நிற்கும்போது மட்டும்

ஃபான் பெல்ற்றைக் கட்டைவிரலால் அமத்துங்கள். அரை அங்குலம் அமர்ந்தால் போதும், கூடினால் இறுக்குங்கள். ரேடியேற்றரின் முன்பக்கத் தகட்டிடைகளில் தும்பி, தும்பு, சேறு அடைத்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

### ஓட ஓட ஏறிக்கொண்டே போகிறது

தேர்மோஸ்ராற்றைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், திறக்காவிட்டால் மாற்றுங்கள். திறந்தால், எஞ்சின் கட்டியின் பக்கத்திலுள்ள வடிகுழாயைத் திறவுங்கள். தண்ணீர் வராது, பெரும்பாலும் வராது. கம்பி விட்டுக் கிண்டினால் முதலில் செம்மண் கூழ்போல் வரும். அது கட்டி உள்ளிருந்து உரிந்த கறளும் சுண்ணாம்பும். அது தெளியும்வரை குழாயால் இரு திசையிலும் தண்ணீர் அடியுங்கள். பிறகும் சூடு ஏறினால் ரேடியேற்றரை இறக்கி, தலையைத் திறந்து கம்பி விட்டுத் துப்புரவாக்கும் கடைக்குக் கொடுக்க வேண்டும். திரும்ப ஊற்றும்போது கூலன்ற் கலந்த மழைத்தண்ணீர். கிணறு வேண்டாம்.

### சூட்டோடு ஒயில் மூடியின் உள்ளே தயிர்போல் வெள்ளை

ஒருமுறை மூடியைத் துடைத்துவிட்டு நீண்ட தூரம் ஓடிப் பாருங்கள்; குறுகிய ஓட்டத்தால் வரும் ஈரமாகவும் இருக்கலாம். திரும்ப வந்தால், அல்லது ரேடியேற்றர் வாயில் குமிழி விட்டுக்கொண்டேயிருந்தால், எஞ்சின் கட்டிக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஹெட் காஸ்கெற் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றினால் சும்மா பூட்டிவிடாமல் லேத்தில் மட்டம் பார்க்கக் கொடுங்கள்.

## புகை, இழுவையில்லை

இந்த எஞ்சின்களில் பல 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியவை. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டுப் பிடிக்கவைத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்படி ஓடிய எஞ்சினுக்குள் கரி நிறைய இருக்கும்.

கறுப்புப் புகை என்றால் சோக் திரும்பாமல் நிற்கிறதா, காற்று வடி அடைத்திருக்கிறதா என்று பார்த்தால் பாதி முடிந்தது. நீலம் என்றால் ஒயில் எரிகிறது: வண்டியைப் பிடித்ததும் ஒருமுறை மட்டும் விட்டால் வால்வு வழி, ஓட்டம் முழுக்க விட்டால் பிஸ்ரன் வளையம். இழுவை குறைந்து ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடித்தால் தப்பற் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமத்தும் கைக்கும் இடையிலுள்ளது) குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலத்துக்கு வையுங்கள். வைத்த இடைவெளி சில மாதத்தில் தானாகக் குறைந்துபோனால் புகைவால்வின் இருக்கை தேய்கிறது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நின்றபின் பழைய ஹெட்டுகளில் வருகிற வருத்தம் இது. லேத்தில் கடினமான இருக்கை வளையம் போட்டால் தீரும்.

## பிரேக்

இந்த வண்டியில் நாலு சில்லுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஓரிடத்தில் போனால் நாலும் போகும். வாங்கிய பிக்கப்பைப் பிரேக் திறந்து பார்க்காமல் ஓட்டி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், லொறியில் ஏற்றி வாருங்கள்.

### மிதி ஆழமாகப் போகிறது, இரண்டு மூன்று தரம் மிதித்தால் மேலே வருகிறது

சரிக்கட்டல் தேவை. சில்லைத் தூக்கி, ட்ரம்மிலுள்ள துளையூடாக ஸ்குரூடிரைவர் விட்டு, சில்லு நிற்கும்வரை திருப்பி, ஒரு பல் பின்னுக்கு விடுங்கள். முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு திருகு, பின் சில்லில் ஒன்று. முன்னுக்கு ஒன்றைத் திருப்பிவிட்டு மற்றதை மறந்துபோவது எல்லோருக்கும் நடக்கும்.

### மிதித்துக்கொண்டிருக்கையில் மெதுவாகத் தாழ்கிறது

எங்கோ கசிவு. ட்ரம்களின் உட்பக்கம் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் மாஸ்ரர் சிலிண்டர். அது சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே சசிக்குள் இருக்கிறது. ஒயில் ஊற்றுவதும் தளத்திலுள்ள சின்ன மூடியைத் திறந்துதான். மூடியைச் சுற்றிய மண்ணைத் துடைக்காமல் திறந்தால் மண் நேரே சிலிண்டருக்குள் விழும், ஐம்பது ரூபா துணி மிச்சப்பட்டு சிலிண்டர் போகும். இதைக் கழற்றும்போது போல்ற் ஒன்று டோர்சன் கம்பியில் (முன் சில்லுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட கம்பி) முட்டிக்கொண்டு வெளியே வராது. அந்தக் கம்பியில் முறுக்கு விசை இருக்கிறது. முன்பின் செய்யாதவர் இந்த இடத்தில் மைனர் தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

### பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

இழுக்கும் பக்கம் நல்ல பக்கம். மற்றப் பக்கத்துச் சிலிண்டர் கறளில் இறுகியிருக்கும். றப்பரை மட்டும் மாற்றலாமா என்று பார்க்க, சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் தடவுங்கள்; குழி தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்றுங்கள். மிதியை விட்டபின்னும் ஒரு சில்லு பிடித்துக்கொண்டிருந்தால் றப்பர் குழாய் உள்ளே வீங்கியிருக்கிறது. வெளியே பார்க்கப் புதிதுபோல் இருக்கும்.

## முன் சில்லில் சத்தம், ஸ்ரியரிங் அலைகிறது

ரயர்க் காற்று, சில்லு நட்டு, பிறகு ட்ரனியன். இந்தப் பெயரை மைனர் வைத்திருக்கும் எவரும் பயத்தோடுதான் சொல்வார்கள். முன் காலின், அதாவது முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின், மேலும் கீழும் புரியோடு சுழலும் இணைப்பு அது. கிறீஸ் இல்லாமல் ஓடினால் புரி தேயும், ஒரு நாள் கழன்றுவிடும், சில்லு மட்காட்டுக்குள் மடிந்து வண்டி மூக்குக் குத்தும். பெரும்பாலும் முழுதாகத் திருப்பிக்கொண்டு மெதுவாக ஓடும்போது நடக்கும் என்பது ஒன்றே ஆறுதல்.

சோதனை: முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, கட்டை வைத்து, ரயரின் கீழ் ஒரு அலவாங்கை விட்டு மேலே நெம்புங்கள். கால் ட்ரனியனுக்குள் மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். அசைவு இல்லையென்றால் கிறீஸ் முனைகளில் புதுக் கிறீஸ் பழையதைத் தள்ளி வெளியே வரும்வரை அடியுங்கள். முனை அடைத்துக்கொண்டு கிறீஸ் போகாவிட்டால் முனையை மாற்றுங்கள். "போகாவிட்டால் பரவாயில்லை" என்று விட்ட வண்டிகள்தான் மடிந்தன. தேய்ந்ததை மாற்றுவது டோர்சன் கம்பியோடு சேர்ந்த வேலை, தெரிந்தவரிடமே கொடுங்கள்.

முதலாம் கியர் போடும்போது கறுமுறு என்றால் பயப்பட வேண்டாம். அந்தக் கியருக்கு சிங்குறோ (பற்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் சேர்ப்பது) இல்லை. வண்டி முழுதாக நின்றபின் போடுங்கள்.

## கால்வைக்கும் தளம் ஈரம்

பாயை எடுத்துவிட்டு, ஒருவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடிக்க, ஒருவர் உள்ளே டோர்ச்சோடு படுத்திருங்கள். முன் கண்ணாடி றப்பரால் வந்தால் றப்பர் மாற்றினால் போதும். பற்றறித் தட்டின் அடியால் வந்தால் தட்டு உக்கிவிட்டது. மழையில்லாமலே ஈரமும் பிசுபிசுப்பும் என்றால் அது பிரேக் ஒயில்; மேலே போய் வாசியுங்கள்.

பிறகு தளத்தைச் சுரண்டுங்கள்.

- மேலோட்டமான செம்மை: கம்பித் தூரிகை, கறள் நீக்கி, பிரைமர், பெயின்ற். ஒரு சனி ஞாயிறு.
- குழி விழுந்திருக்கிறது, விரலால் அமத்தினால் உறுதி: குழிக்குள் கறள் மீதமில்லாமல் உரஞ்ச வேண்டும். கருமையான புள்ளி எஞ்சினால் திரும்ப வரும்.
- அமத்தினால் வளைகிறது, ஓட்டை: நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 1.2 மில்லிமீற்றர் தகடு வைத்து ஒட்டுங்கள். பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டிவிடும் பழக்கம் எங்கள் ஊரில் நிறைய. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, இரண்டு மாரியில் இரண்டும் போகும்.

தளமும் தூணும் சேர்ந்து உக்கியிருந்தால், வெட்ட முதல் கதவு வாசலுக்குக் குறுக்காகக் கோண இரும்பு இரண்டு ஒட்டிப் பிடியுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்த பிறகு கதவு சாத்தாது. சசி வேலை எல்லாவற்றுக்கும் முதல், பிறகு தளம், தூண், கடைசியில் மட்காட். பற்றறியைக் கழற்றாமல் மின் வெல்டிங் வேண்டாம். சசியில் ஸ்பிரிங் மாட்டும் இடத்தை வீட்டில் ஒட்டாதீர்கள், எவ்வளவு கைபழகியவராக இருந்தாலும்.

## பெயின்ற் அடித்து ஒரு மாரிக்குள் கொப்புளம்

நகத்தால் ஒரு கொப்புளத்தை உடையுங்கள்.

- உள்ளே தண்ணீர், அடியில் இரும்பு சுத்தம்: பிரைமர் காய முதல் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், அல்லது பட்டி ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது. அந்த இடத்தை மட்டும் உரஞ்சி அடியுங்கள்.
- உள்ளே கபிலத் தூள், கொப்புளம் தனியாக ஒன்று: குழிக்குள் விட்ட கறள். மேலே சொன்ன இரண்டாவது வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.
- கதவின் அடி அல்லது மட்காட் விளிம்பு நெடுக வரிசையாகக் கொப்புளம்: கறள் உள்ளிருந்து வருகிறது. வெளியே எத்தனை தரம் பெயின்ற் அடித்தாலும் பயனில்லை. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு, பெயின்ற் அடித்தவர் அவற்றையும் சேர்த்து மூடியிருப்பார். ஒரு ஆணியால் குத்தித் திறவுங்கள். தண்ணீர் வடிந்து காய்ந்தபின் மெழுகோ, ஒயில் கலந்த கிறீஸோ உள்ளே அடித்துவிடுங்கள்.

மூன்றாவது பிக்கப்பின் இடது கதவில் நான் இதைச் செய்தபோது அரைப் போத்தல் தண்ணீர் வந்தது. புரட்டாதி முடிய முதல் இரண்டு கதவுக்கும் அந்த ஆணியை ஒருமுறை விட்டு எடுக்கிறேன். ஆணி டாஷ் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது.